ரயிலை நிறுத்தினால் கூலி ஏறாது

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் இன்றைக்குக் கட்சி பேதமில்லாமல் எல்லோரும் தலையாட்டும் கருத்து ஒன்று உண்டு. வடக்கேயிருந்து வந்தவன் நம்ம ஆள் வேலையைப் பறித்துவிட்டான். அவன் வந்ததால்தான் கூலி ஏறவில்லை. அவனைத் தடுத்தால் நம் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும். டீக்கடையில் இதைத்தான் பேசுகிறார்கள், கல்யாணப் பந்தியில் இதைத்தான் பேசுகிறார்கள், தொழிற்சங்கக் கூட்டத்திலும் மைக் அணைந்த பிறகு இதைத்தான் பேசுகிறார்கள். தமிழ்த் தேசிய அமைப்புகள் ஒரு படி மேலே போய், நாகாலாந்து, மிசோரம் போல இங்கேயும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும் என்கின்றன. தனியார் தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை உள்ளூர்க்காரருக்கே என்று சட்டம் கொண்டுவருவோம் என 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க.வும் சொன்னது. கொடிகள் வேறு வேறு, கணக்கு ஒன்றுதான். எல்லை திறந்து கிடப்பதால் கூலி விழுகிறது, மூடினால் ஏறும்.

கணக்கு தப்பு. அதற்குப் பின்னால் இருக்கும் கோபம் தப்பில்லை. பாலிடெக்னிக் முடித்த பையன் வீட்டில் உட்கார்ந்திருக்க, பக்கத்து ஆலைக்குள் முன்பின் தெரியாத ஆட்கள் ஷிப்டுக்குப் போவதைப் பார்க்கிற தகப்பனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல். வெளியூரிலிருந்து ஒருவன் வந்தான் என்பதாலேயே கூலி இறங்கிவிடாது. பிடிக்காத வேலையை உதறிவிட்டு அடுத்த வாசலுக்குப் போக முடியாதபடி அவன் கட்டிப்போடப்பட்டால்தான் இறங்கும். கட்டிய கையை விட்டுவிட்டுக் கட்டுண்டவனைத் திட்டுவது எய்தவன் இருக்க அம்பை நோகிற வேலை.

முதலில் நம்மூர் ஆலை வாசலையே பார்ப்போம். சுண்ணாம்புக்கல் கிடைக்கிற மண் என்பதால் ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், ஆலத்தியூர், தளவாய், தாமரைக்குளம், கீழப்பழுவூர் என்று அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. அரசு சிமெண்ட் ஆலையும் உண்டு. இந்தத் தொழிலில் இரண்டு சாதி ஆட்கள் உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஒருவர் ‘வேஜ்போர்டு ஆள்’, மற்றவர் ‘கான்ட்ராக்ட் ஆள்’. இருவரும் ஒரே வாசல் வழியாகத்தான் போகிறார்கள், ஒரே தூசியைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். ஒருவருக்குக் கம்பெனி பதிவேட்டில் பெயர், அகில இந்திய ஒப்பந்தப்படி சம்பளம். மற்றவருக்குக் கான்ட்ராக்டரின் நோட்டில் பெயர், அவர் சொன்னதே சம்பளம். கான்ட்ராக்ட் முறையின் சூட்சுமம் எந்த ஒரு ஆலைக்கும் தனியாகச் சொந்தமில்லை, நாடு முழுக்க ஒன்றுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டரின் பெயர் மாறும், வேலை செய்கிற ஆள் மாறமாட்டார். ஆனால் புதுப் பெயரில் அவர் புது ஆள். பணிக்கொடைக்கு வேண்டிய ஐந்து வருடம் காகிதத்தில் ஒருநாளும் நிறையாது. பி.எஃப். பணம் பழைய கணக்கில் ஒரு துண்டு, புதிய கணக்கில் ஒரு துண்டு என்று கிடக்கும்.

இந்தக் கான்ட்ராக்ட் ஆள் யாராக இருந்தார்? சுற்றுப்பட்டுக் கிராமத்துக்காரராக இருந்தார். நிலம் கொடுத்தவரின் மகனாக இருந்தார். பீகார்க்காரர் ஒருவர் அரியலூர் என்ற பெயரைக் கேள்விப்படுவதற்கு வெகு காலம் முன்பே இந்த இரண்டாம் சாதி உண்டாக்கப்பட்டுவிட்டது. அரசு சிமெண்ட் ஆலையின் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஆனந்தவாடி மக்கள் வேலை கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். அங்கே முதலாளி தமிழ்நாடு அரசு, கேட்டவர்கள் தமிழர்கள். நடுவில் வந்து பறித்த வடக்கன் எவன்?

கிடைத்த வேலையின் கதை இது. கிடைக்காத வேலையின் கதை இன்னும் பெரிது. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி எடுக்கப்போகிறோம், அனல் மின்நிலையம் வரப்போகிறது என்று 1990களில் ஊர் ஊராக நிலம் எடுத்தார்கள். இழப்பீட்டு வழக்கு நீதிமன்றப் படிகளைத் தேய்த்ததுதான் மிச்சம். கால் நூற்றாண்டு கழித்துத் திட்டமே கைவிடப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத்தில் திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லிச் சுமார் 3,000 ஏக்கர் கைமாறியது. சோளமும் பருத்தியும் விளைந்த பூமி வருடக்கணக்கில் கருவை மண்டிக் கிடந்தது. சொன்னபடி தொழில்கள் வந்திருந்தால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஊரிலேயே இருந்திருப்பார்கள். வராத வேலையை யாரும் ரயிலேறி வந்து பறிக்க முடியாது. வேலையின்மைக்குக் காரணம் தேடுகிறவர்கள் அரியலூர் ரயில் நிலைய நடைமேடைக்குப் போகிற நேரத்தில் இந்த நிலங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சரி, வடக்கத்தி இளைஞன் எப்படி வருகிறான்? தானாக வேலை தேடி வருகிறவன் ஒரு ரகம். அவன் ஊர் நிலவரம் தெரிந்ததும் நம்ம ஆள் கேட்கிற கூலியையே கேட்பான். தரவில்லை என்றால் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறிவிடுவான். ஆள்பிடிக்கிறவன் கூட்டிவருகிறவன் இன்னொரு ரகம். டிக்கெட் காசு, வீட்டுக்குக் கொடுத்த முன்பணம், வந்த அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு எல்லாம் அவன் தலையில் கடனாக ஏறும். தகரக் கொட்டகையில் எட்டுப் பத்துப் பேருக்கு ஓர் அறை. பன்னிரண்டு மணி நேர வேலை. ஏ.டி.எம். அட்டை மேஸ்திரி கையில். ஒரு மாதச் சம்பளம் எப்போதும் பிடிப்பில் நிற்கும். பாதியில் போனால் அது போச்சு. முதலாளிக்கு இவன்மேல் வரும் ஆசை குறைந்த கூலியால் மட்டும் வந்ததல்ல. ‘நாளைக்கு லீவு’ என்று சொல்ல முடியாத ஆள், சங்கத்தில் சேராத ஆள், கோபித்துக்கொண்டு போக இடமில்லாத ஆள் என்பதுதான் அவனுடைய தகுதிச் சான்றிதழ். ‘நம்ம ஆள் வேலைக்கு வரமாட்டேங்கிறான், நூறு நாள் வேலையும் டாஸ்மாக்கும் அவனைச் சோம்பேறியாக்கிவிட்டது’ என்று அலுத்துக்கொள்கிற கான்ட்ராக்டர் உண்மையில் சொல்வது இதைத்தான்: நம்ம ஆளுக்கு எதிர்த்துப் பேச வாய் இருக்கிறது.

இந்த வித்தையின் மறுபக்கம் நமக்கு அத்துப்படி. லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடா பார்த்த ஆள் இல்லாத தெருவைத் தேட வேண்டும். சவுதியும் கத்தாரும் அமீரகமும் எல்லையைத் திறந்துபோட்டிருக்கிற நாடுகளா? விசா இல்லாமல் ஓர் ஈ உள்ளே போக முடியாது. மூடிய கதவு கூலியை ஏற்றும் என்றால் உலகத்திலேயே உயர்ந்த கட்டடக் கூலி அங்கேதான் இருக்க வேண்டும். நடப்பது என்ன? அமீரகத்திலும் கத்தாரிலும் மக்கள்தொகையில் பத்துக்கு ஒன்பது பேர் வெளிநாட்டவர். ஒரே வேலைக்குப் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துச் சம்பளம். காரணம் கஃபாலா. விசா அரபி பெயரில் இருந்தது. அவர் விட்டால்தான் வேறு வேலை, அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஊர் என்று வைத்திருந்தார்கள். 2018லும் 2020லும் கத்தார் இந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியதும், உலகக் கோப்பைக்காக உலகம் முழுக்க எழுந்த கூச்சலுக்குப் பிறகுதான். ஆளை எல்லையில் நிறுத்தி வடிகட்டுவதும், வடிகட்டியவனை முதலாளியின் முளைக்குச்சியில் கட்டுவதும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பற்சக்கரங்கள்.

இன்னும் பின்னால் போனால் இலங்கை. அன்றைய திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போனவர்களின் கழுத்தில் கடன்தான் கயிறு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் எவ்வளவு கடன் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதுத் துரை அதை அடைத்தால்தான் ஆள் நகரலாம். 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. பிறகு 1948இல் சுதந்திர இலங்கையின் முதல் வேலைகளில் ஒன்றாகக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ‘இந்தியாவிலிருந்து வந்த கூலிகள் நம் மக்களின் வேலையையும் வாக்கையும் பறிக்கிறார்கள்’ என்ற பேச்சுத்தான் அதற்கு உரம். மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். அதனால் சிங்களக் கிராமத்துக் கூலிக்காரருக்கு என்ன லாபம் வந்தது? ஒன்றும் இல்லை. லாபம் தோட்டத்துக்கு வந்தது. நாடில்லாதவன் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு எங்கே போவான்? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட பிறகும் அந்தக் காயம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆயின. அதே வாக்கியத்தை இன்று தமிழில் பேசுகிறவர்கள் யாருடைய வசனத்தை ஒப்பிக்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

‘ஐரோப்பாவே திறந்த எல்லையால் நாறிப்போய்க் கதவைச் சாத்துகிறது, நாம் மட்டும் ஏமாளியா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஐரோப்பாவில் நடந்ததை முழுசாகப் பார்ப்போம்.

2004 மே 1 அன்று போலந்து, லாட்வியா உள்ளிட்ட பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. பிரிட்டனும் அயர்லாந்தும் ஸ்வீடனும் கிழக்கத்தியத் தொழிலாளிக்கு உடனே வாசலைத் திறந்தன. ஜெர்மனி 2011 வரை திறக்கவில்லை. நம்மூர் வாதப்படி ஜெர்மனியில் கூலி காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். நேர்மாறாக, அங்கே இறைச்சிக் கூடங்களில்தான் மேற்கு ஐரோப்பாவின் மிக மலிவான வேலை நடந்தது. தனி ஆளாக வந்து வேலை தேடத்தான் தடை. வெளிநாட்டுத் துணை ஒப்பந்த நிறுவனம் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து ஆலைக்குள் இறக்கினால் வழி இருந்தது. அப்படி வந்தவருக்குச் சம்பளமும் நிபந்தனையும் சொந்த நாட்டுக் கணக்கில். 2013இல் பெல்ஜியம் இதைப் பற்றி ஐரோப்பிய ஆணையத்திடம் புகாரே கொடுத்தது. 2020 ஜூனில் ரேடா-வீடன்ப்ருக் என்ற ஊரின் பெரிய இறைச்சி ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா வந்து, ருமேனியத் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் கிடந்த அறைகளை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஜெர்மனி என்ன செய்தது? ருமேனியரை விரட்டவில்லை. 2021 ஜனவரி 1 முதல் மாடு, பன்றி வெட்டும் பெரிய ஆலைகளில் துணை ஒப்பந்தத்தைத் தடை செய்தது. கத்தி பிடிக்கிற ஒவ்வொருவரும் ஆலையின் நேரடித் தொழிலாளியாக வேண்டும் என்றது. நம்மூர்ப் பாஷையில் சொன்னால் ஆளைத் துரத்தாமல் கான்ட்ராக்டைத் துரத்தினார்கள்.

வாசலைத் திறந்த ஸ்வீடனிலும் சண்டை வந்தது, ஆனால் எதில் வந்தது? 2004இல் வக்ஸ்ஹோம் என்ற ஊரில் பள்ளிக்கூடக் கட்டட வேலையை லாட்வியாவின் லவால் நிறுவனம் எடுத்தது. தன் ஆட்களை அங்கிருந்து கூட்டிவந்தது; ஸ்வீடன் சங்கத்தின் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தது. சங்கம் மறியல் செய்தது. 2007 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தொழிற்சங்கங்கள் விடவில்லை. பதினோரு வருடம் கழித்து, 2018இல், ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று அந்த விதியையே திருத்தவைத்தார்கள். வேலை தேடித் தானாக வந்தவர் விஷயத்தில் இந்த விதி 1968லேயே ஐரோப்பியச் சட்டத்தில் ஏறிவிட்டது. ஓட்டை இருந்தது நிறுவனத்தோடு சேர்த்து அனுப்பப்பட்ட ஆளின் விஷயத்தில்தான்.

கதவைச் சாத்திய பிரிட்டனைப் பார்ப்போம். 2016இல் வாக்களித்து, 2020 கடைசியோடு ஐரோப்பியருக்கான தடையற்ற நடமாட்டத்தை முடித்துக்கொண்டார்கள். வாக்கெடுப்புச் சமயத்தில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துச் சொச்சமாக இருந்த நிகரக் குடியேற்றம் 2023இல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. முதியோரைப் பராமரிக்க ஆள் இல்லாமல் 2022இல் பராமரிப்புப் பணிக்கு விசா கொடுத்தார்கள். கேரளத்திலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் அழுதுவிட்டு ஆட்கள் போனார்கள். விசா வேலை கொடுத்தவரின் பெயரில். அவர் கைவிட்டால் 60 நாளில் இன்னொருவரைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். புகார்கள் குவிந்து 2025 ஜூலையில் அந்த வழியையும் மூடினார்கள். போலந்துக்காரர் பிடிக்காத முதலாளியை விட்டு மறுநாளே வேறு வேலைக்குப் போகலாம். அவர் இடத்துக்கு வந்தவரால் முடியாது. திறந்த எல்லையை மூடி அவர்கள் வாங்கியது கட்டுண்ட தொழிலாளியைத்தான்.

ஐரோப்பா 1957 ரோம் உடன்படிக்கையில் கண்ட நடமாடும் உரிமையை நம் அரசியல் சாசனம் 1950லேயே கொடுத்துவிட்டது. எங்கும் போகலாம், எங்கும் தங்கலாம், எந்தத் தொழிலும் செய்யலாம். அந்த உரிமையால் அதிகம் பிழைத்தவர்களில் நாமும் உண்டு. பம்பாயில் 1966இல் சிவசேனை புறப்பட்டபோது அது முதலில் விரட்டக் கிளம்பியது தென்னிந்தியரைத்தான். ஐரோப்பா செய்து நாம் செய்யாதது ஒன்றுதான்: போகிற உரிமையோடு, போன இடத்தில் சமமாக நடத்தும் கடமையையும் முதலாளியின் தலையில் உறுதியாகக் கட்டியது.

இனி நம்மூர் வைத்தியங்களை எடுத்துக்கொள்வோம். உள்நுழைவுச் சீட்டு வந்தால் அது யார் கையில் இருக்கும்? பத்தாம் வகுப்புத் தாண்டாத பையன் பீகாரின் சாப்ராவிலிருந்து மனுப்போட்டு வாங்குவானா? ஆள்பிடிக்கிறவன் மொத்தமாக வாங்குவான். டிக்கெட் கடனோடு சீட்டுக் கடனும் சேரும். ‘வேலையை விட்டால் சீட்டு ரத்து’ என்ற மிரட்டல் இலவச இணைப்பு. நம் ஊரிலேயே ஒரு குட்டி வளைகுடா முளைக்கும். 75 சதவீதச் சட்டமோ? ஹரியானா கொண்டுவந்ததைப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என்றுவிட்டது. செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், பதிவேட்டில் இருப்பவரைத்தானே சட்டம் எண்ணும்? பதிவேட்டுக்கு வெளியே தள்ளப்படுகிற 26வது ஆள் இன்னும் மலிவான ஆள்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆட்கள் கூடினால் சில வேலைகளில் கூலி கொஞ்ச காலம் தேங்கத்தான் செய்யும். பிரிட்டன் அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழு 2018இல் ஆராய்ந்து, மொத்தத்தில் உள்ளூர்க்காரர் கூலியில் பெரிய அடி இல்லை, அடிமட்டத்தில் சிறு சரிவு இருக்கலாம் என்றது. நம் பக்கத்தில் அந்த அடிமட்டம் யார் என்றால் நடவுப் பெண்கள். திருமானூர், தா.பழூர் பக்கம் வங்காளத்து ஆட்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் கும்பலாக இறங்கி, பொழுது சாய்வதற்குள் நட்டு முடிக்கிறார்கள். நாற்றுமுடி பிடித்தே வயதான பெண்களுக்கு அது நிஜமான இழப்பு. ஆனால் அறுவடை மெஷின் வந்து அறுப்புக் கூலி முழுவதையும் விழுங்கியபோது யாரும் மெஷினுக்கு உள்நுழைவுச் சீட்டு கேட்கவில்லையே! பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி என்று அதே வயலில் தலைமுறை தலைமுறையாக நடந்தபோதும் இந்த வீரம் வெளியே வரவில்லை.

ரயில்வே, வங்கி, தபால் வேலைகளில் வடக்கத்தியர் நிறைவது வேறு வழக்கு. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை வாசலில் அதை எதிர்த்து நடந்த போராட்டம் எழுப்பியது தேர்வு முறை நியாயமா என்ற கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தேர்வு எழுதி நிரந்தர வேலையில் உட்கார்ந்தவர்மேல் உள்ள கோபத்தை, மூட்டை தூக்குகிற பையன்மேல் காட்டுவதுதான் அநியாயம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, அந்தப் பையன்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்கு ஓடினார்கள். அந்த வாரம் எந்த ஆலையாவது உள்ளூர் ஆளுக்குக் கூலியை உயர்த்திக் கொடுத்ததா?

ரயிலை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் கையிலிருந்தது போய்விட்டது. 1979ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர் சட்டம், ஐந்து பேர் இருந்தாலே பதிவு வேண்டும், அதே வேலை செய்கிற உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் கூலியையே கொடுக்க வேண்டும், இடம்பெயர்வுப் படி தர வேண்டும் என்றது. அதை அமல்படுத்தச் சொல்லி எந்த மேடையில் பேசினோம்? 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஐந்து என்பது பத்து ஆனது. இடம்பெயர்வுப் படி காணாமல் போனது. 20 கான்ட்ராக்ட் ஆட்கள் இருந்தால் பாய்ந்த ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் இனி 50 பேர் இருந்தால்தான் பாயும். 49 பேரோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாத கான்ட்ராக்டர் உண்டா? அந்த 49 பேரில் செந்துறைக்காரரும் இருப்பார், சாப்ராக்காரரும் இருப்பார். சட்டம் இருவரையும் ஒன்றாகத்தான் கைவிட்டிருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியது வேறு. ஒவ்வொரு ஆலை வாசலிலும் எந்த வேலைக்கு என்ன கூலி என்று தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் பலகை வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சம்பளத்தைக் கான்ட்ராக்டர் கை வழியாக விடாமல் ஆலையே தொழிலாளியின் வங்கிக் கணக்கில் போடச் சொல்ல வேண்டும். தொடர்ந்து நடக்கிற மூல வேலைகளில் கான்ட்ராக்ட் கூடாது என்று புதுச் சட்டத்திலும் ஒரு விதி இருக்கிறது. விதிவிலக்குகளில் அது கரைந்துபோகாமல் பார்க்க வேண்டும். நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு வேலை என்ற வாக்குறுதியை ஒப்பந்தமாக எழுதி வாங்க வேண்டும். எறையூரிலும் ஜெயங்கொண்டத்திலும் காலணி ஆலைகள் காலூன்றுகிற இந்த நேரம், ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டிய நேரம்.

எல்லாவற்றுக்கும் முதலில் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் படிவத்தை இந்தியில் அச்சடிக்கட்டும். வடக்கத்தி ஆளுக்கும் நம்ம ஆளுக்கும் ஒரே கூலி என்று ஆகிவிட்டால், வெளியிலிருந்து ஆள் கொண்டுவர டிக்கெட்டும் கொட்டகையும் செலவழிக்கிற முதலாளிக்கு ஒரு லாபமும் மிஞ்சாது. அன்றைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன்தான் அவருக்கு மலிவு. உள்ளூர் ஆளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறவர், வெளியூர் ஆளின் கூலிக்காகத்தான் முதல் சண்டையைப் போட வேண்டும்.